பன்றிக்கு எந்தத் தோட்டா? மனுவில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை



போன வட்டக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்திலிருந்தே தொடங்குகிறேன். காட்டுப்பன்றிப் பிரச்சினையில் கலெக்டருக்குக் கொடுக்க வேண்டிய மனுவை நான் வாசித்துக் கொண்டிருந்தேன். "பயிரைக் காக்க விவசாயிக்குத் துப்பாக்கி லைசென்சு வழங்க வேண்டும்" என்ற வரி வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தார். "துப்பாக்கின்னு மொட்டையா எழுதாதீங்க செயலாளரே, ரைஃபிள்னு எழுதுங்க" என்றார். கையிலிருந்த செல்போனில் ஒரு படத்தையும் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் ஒரு விவசாயி, நம்ம ஊர் நரியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிராணியை, இருநூறு மீட்டர் தள்ளி இருந்து ஒரே வெடியில் சாய்க்கிறான். "அது நம்ம கையில இருந்தா ஒரு பன்றி உள்ளே கால் வைக்குமா?" என்று கேட்டார் தம்பி. கூட்டமே கை தட்டியது. நானும் தட்டினேன், மறைக்கவில்லை. என்னுடைய ஒன்றரை ஏக்கர் நிலக்கடலையில் முக்கால் ஏக்கரை அந்த வாரம்தான் பன்றிக் கூட்டம் உழுது போட்டிருந்தது. கையைத் தட்டாமல் என்ன செய்வேன்?

வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. நாம் கேட்பது எது என்று நமக்கே தெரியாமல் கேட்டால், அதிகாரி மறுப்பதற்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடுமே என்ற கவலை. நம்ம பக்கத்து ஊரில் இராணுவத்தில் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். இரண்டு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். சட்டப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். படித்துவிட்டு, மனுவில் எந்த வார்த்தை இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அந்த அமெரிக்கக் கதை. படத்தில் சாய்ந்த பிராணிக்குக் கயோட்டி என்று பெயர். நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் வைத்துப் பார்க்கலாம். எடை பத்திலிருந்து இருபது கிலோவுக்குள். ஆட்டுக்குட்டியையும் கன்றுக்குட்டியையும் தூக்கிக் கொண்டு போவதால் அங்கே ஆடு வளர்ப்பவனுக்கு அது ஜென்ம விரோதி. இந்த மாதிரித் தொல்லைப் பிராணிகளை அவர்கள் 'வார்மின்ட்' என்கிறார்கள். நம்ம நாட்டுச் சட்டத்தில் 'வெர்மின்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதே சொல்தான் கிராமத்து வாயில் புரண்டு அப்படி ஆகியிருக்கிறது.

அதைச் சுட எந்தத் தோட்டா என்பதில் அங்கே பெரிய விவாதமே உண்டு. .22 என்ற சின்னத் தோட்டா இருக்கிறது. குண்டு இரண்டரை கிராம்தான். எலி, முயலுக்குச் சரி. கயோட்டிக்கு மிகக் கிட்டத்தில் சுட்டால்தான் உண்டு, இல்லையென்றால் காயத்தோடு ஓடிவிடும். அதனால் பெரும்பாலோர் .223 ரெமிங்டன் என்ற தோட்டாவுக்கு வருகிறார்கள். அதன் குண்டு மூன்றரை கிராம். குறுக்களவு ஆறு மில்லிமீட்டர்கூட இல்லை, நம்ம கடலைப் பருப்பு அதைவிடப் பருமன். ஆனால் வேகம்? விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். அதையும்விட வேகமானது .22-250. காற்று பலமாக அடிக்கிற வெட்டவெளியில் இன்னும் கனமான குண்டு வேண்டுமென்றால் .243 வின்செஸ்டர். இப்படிப் பிராணி, தூரம், காற்று மூன்றையும் கணக்குப் பார்த்துத்தான் அவன் கடைக்குப் போகிறான்.

பெரியவர் சொன்னதில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். அந்தச் சின்ன வேகக் குண்டுகளில் பலவற்றை வேண்டுமென்றே பலவீனமாகச் செய்கிறார்களாம். மேலே மெல்லிய செம்புத் தோல், உள்ளே மெதுவான ஈயம். உடம்பில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். இருபது கிலோ பிராணிக்கு அது போதும், அங்கேயே விழுந்துவிடும். தோலையும் விற்கிறார்கள் என்பதால் மறுபக்கம் பெரிய ஓட்டை விழாமல் இருப்பது அவர்களுக்கு இலாபம். குண்டு தரையில் பட்டாலும் உடைந்து போகுமே தவிர, தெறித்துத் தூரம் போவது குறைவு.

இப்போது அதே குண்டை நம்ம பன்றி மேல் வைத்துப் பாருங்கள். நம்மிடம் வருவது இருபது கிலோ இல்லை. வளர்ந்த ஆண் பன்றி எண்பது, நூறு கிலோ. தோள்பட்டைத் தோலுக்கு அடியில் டயர் ரப்பர் போல ஒரு கெட்டிப் படலம், அதற்குமேல் சேற்றில் புரண்ட காய்ந்த மண், அடியில் தடித்த எலும்பு. பட்டதும் பொடியாகிற குண்டு அந்தப் படலத்திலேயே பொடியாகிப் போனால், பன்றி சாகாது, கோபம்தான் வரும். அடிபட்ட பன்றி காட்டுக்குத் திரும்பிப் போகும் என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் போய்ப் படுத்துக் கொள்ளும். காலையில் தோகை உரிக்கப் போகிறவர் மேல்தான் பாயும். படத்தில் பார்த்த துப்பாக்கி நம்ம பன்றிக்குப் பொருந்தாது என்பதற்கு இது முதல் காரணம்.

"அப்படியானால் பெரிய ரைஃபிள் கேட்போமே" என்று தம்பி அடுத்த கேள்வி கேட்பார், தெரியும். நம்ம நாட்டில் போலீசும் இராணுவமும் வைத்திருக்கிற பல அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. தனியாருக்கென்று அரசு தொழிற்சாலையே செய்து விற்றது .315 ரைஃபிள். குண்டு கனமானது, பதினைந்து கிராமுக்கு மேல். பன்றியைச் சாய்க்கும், சந்தேகமில்லை. சாய்த்த பிறகு எங்கே போகும்? அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ரைஃபிள் என்றால் என்ன? போல்ட்டில் மரை இருப்பது போலக் குழாயின் உள்ளே சுருள் மரை வெட்டியிருப்பார்கள். குண்டு பம்பரம் போலச் சுழன்று கொண்டே நேராகப் போகும். அதனால்தான் இருநூறு மீட்டரில் குறி தப்பாமல் படுகிறது. ஆனால் தப்பினால், அல்லது பன்றியை ஊடுருவி வெளியே வந்தால், அது நிற்பதற்கு ஏதாவது வேண்டும். சின்ன .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்து விற்கிறார்கள். பெரிய ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டும். அமெரிக்காவில் ஒருவன் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நின்றால் பல மைலுக்கு அவன் நிலம்தான். நம்ம நிலைமை என்ன? எனக்கு ஒன்றரை ஏக்கர். வடக்கே இருநூறு அடியில் தம்பி வீடு. கிழக்கே மோட்டார் ரூம், அங்கே இராத்திரி தண்ணீர் கட்ட ஆள் போகும். மும்முனைக் கரண்டு இராத்திரி எந்த நேரம் வருகிறதோ அந்த நேரம்தான் நாம் வயலில் நடமாடுகிறோம். பன்றியும் அதே நேரம்தான் நடமாடுகிறது. இருட்டில், பயத்தில், ஆத்திரத்தில் ஒருவன் விசையை இழுத்தால் மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை ஊர், எத்தனை கயிற்றுக் கட்டில்? சொந்தப் பங்காளியைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகவா சங்கம் மனு எழுதுவது?

அதனால்தான் சொல்கிறேன், ரைஃபிள் நமக்கு வேண்டாம். கை தட்டியவர்கள் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

சரி, எதுதான் வேண்டும்? பன்னிரண்டு போர் துப்பாக்கி. பேர் கேட்டிருப்பீர்கள், அர்த்தம் பலருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழைகிற குழாய்தான் பன்னிரண்டு போர். பதினெட்டரை மில்லிமீட்டர் அகலம், உள்ளே மரை கிடையாது, வழவழப்பாக இருக்கும். இதில் எந்தத் தோட்டாவைப் போடுகிறோமோ அதைப் பொறுத்து வேலை மாறும். பறவைக்குப் போடுகிற பொடி ரவையைப் பன்றிக்குப் போட்டால் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சீழ் பிடித்துப் பத்து நாள் கழித்து எங்கேயோ சாகும். அது பாவம், பிரயோசனமும் இல்லை. எல்.ஜி. என்று ஒரு தோட்டா, உள்ளே ஒவ்வொன்றும் ஒன்பது மில்லிமீட்டர் உருண்டைகள் ஆறேழு இருக்கும். இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள் வேலை செய்யும், அதற்குமேல் உருண்டைகள் விரிந்து போகும். இன்னொன்று ஒற்றைக் குண்டுத் தோட்டா. ஒரே ஈயக் குண்டு, முப்பது கிராம் வாக்கில். .223 குண்டைவிட எட்டு மடங்கு கனம், வேகம் பாதிக்கும் குறைவு. உடைந்து பொடியாகாது, படலத்தையும் எலும்பையும் தாண்டி உள்ளே போகும். நாற்பது மீட்டருக்குள் என்றால் பெரிய பன்றியும் நிற்காது.

இந்தக் குண்டு பறக்காதா என்றால், பறக்கும். ஒரு கிலோமீட்டர் வரை ஆபத்து இருக்கிறது. ஆனால் நம்ம முன்னோர் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். பரண்! சோளக்கொல்லையில் கிளி விரட்டக் கட்டுவோமே, அதே பரண். பத்தடி உயரத்தில் உட்கார்ந்து இருபது மீட்டரில் நிற்கிற பன்றியைக் கீழ்நோக்கிச் சுட்டால், குண்டு பன்றியைத் தாண்டினாலும் மண்ணுக்குள்தான் போகும். தரையில் நின்று கிடைமட்டமாகச் சுடக்கூடாது, வரப்பு மேல் நிற்கிற பன்றியைச் சுடவே கூடாது. இதைப் பெரியவர் மூன்று தடவை சொன்னார், நானும் மூன்று தடவை எழுதியதாக நினைத்துப் படியுங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1959 ஆயுதச் சட்டம், பிரிவு 13, உட்பிரிவு 3. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்கிற குடிமகனுக்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்க அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. அதாவது மலைக் கிராமங்களில் எஸ்.பி.எம்.எல். என்று சொல்கிற நாட்டுத் துப்பாக்கி. மருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, கம்பியால் இடித்து, ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆகும். மழை ஈரத்தில் மருந்து நமுத்துப் போகும். இதற்கென்று அளவான தோட்டா கிடையாது என்பதால் அவரவர் கையில் கிடைத்த பால்ரஸையும் இரும்புத் துண்டையும் போட்டு அடைக்கிறார்கள். குழாய் வெடித்து விரலை இழந்தவர்கள் மலைக்காரர்களிடம் கேட்டால் கதை சொல்வார்கள். கூட்டமாக வருகிற பன்றிக்கு முன்னால் ஒற்றை வெடி என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆனால் அதே பிரிவில் கீழே ஒரு வரி இருக்கிறது, நம்மவர்கள் யாரும் படிப்பதில்லை. நாட்டுத் துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாது என்று லைசென்சு கொடுக்கிற அதிகாரிக்குத் தோன்றினால், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழாய் உள்ள, மரையில்லாத வேறு துப்பாக்கிக்கு அவர் லைசென்சு கொடுக்கலாம். பன்னிரண்டு போர் இதற்குள் வருகிறது. ரைஃபிள் வராது. நாம் ரைஃபிள் என்று எழுதினால் அதிகாரி ஒரே வரியில் தள்ளிவிடுவார். இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டால், ஏன் போதும், ஏன் போதாது என்று அவர் பதில் எழுதியாக வேண்டும். அதனால்தான் ஒரு வார்த்தைக்காக இவ்வளவு மாரடிக்கிறேன்.

துப்பாக்கி கையில் இருந்தால் மட்டும் சுட முடியுமா? முடியாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நிற்கிற பயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்றால் அதைக் கொல்ல எழுத்து மூலம் அனுமதி தர, பிரிவு 11 மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் இடம் தருகிறது. பிரிவு 62-ன்படி 'வெர்மின்' என்று அறிவிப்பது மத்திய அரசின் கையில். 2015 டிசம்பரில் பீகாரின் சில மாவட்டங்களிலும், 2016-ல் உத்தராகண்டிலும் பன்றியை அப்படி அறிவித்தார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

கேரளத்தில் 2022 மே மாதம் வேறு வழி கண்டார்கள். ஊராட்சித் தலைவரே உத்தரவு போடலாம், லைசென்சு வைத்திருக்கிறவர் சுடலாம், விஷமும் வெடியும் கரண்டும் கூடாது என்று. நம்ம மாநிலத்தில் 2025 ஜனவரியில் அரசு முடிவு வந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடுவார்கள். நல்ல தொடக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பன்றி வருகிற நேரம் இராத்திரி பதினொரு மணி. வனத்துறை ஊழியர் வந்து சேர்கிற நேரம் என்ன? நம்ம ஊருக்கு வந்து விளக்கியவர்கள் கிலோமீட்டர் கணக்கைத்தான் சொன்னார்கள். எத்தனை பேர், என்ன துப்பாக்கி, என்ன தோட்டா, பரணில் இருந்தா தரையில் இருந்தா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. நம்ம வயலில் நம்ம பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் சுடப்போகிறவரின் தோட்டா எது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

இப்போது இன்னொரு விஷயம், இதை எழுதவே கை கூசுகிறது. துப்பாக்கி கிடைக்காதவன் சும்மா இருக்கிறானா? அவுட்டுக்காய் வைக்கிறான், வேலியில் கரண்டு விடுகிறான், சுருக்குக் கம்பி கட்டுகிறான். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் கர்ப்பிணி யானை ஒன்று வாய் வெடித்து ஆற்றுக்குள் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் கரண்டு வேலியில் மாட்டி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தன. வேலி போட்ட விவசாயி கைதானார். அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சரி என்றும் சொல்ல மாட்டேன். அவுட்டுக்காய்க்குக் குறி கிடையாது. பன்றி, பக்கத்து வீட்டுக் கன்று, விளையாடுகிற பிள்ளை என்று அது பார்ப்பதில்லை. அமெரிக்காவிலும் கயோட்டிக்கு விஷம் வைத்துக் கழுகும் நாயும் செத்துத்தான், 1972-ல் அரசு நிலங்களில் அந்த விஷங்களைத் தடுத்தார்கள். நம்ம வனவிலங்குச் சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. சங்க உறுப்பினர் யாராவது அவுட்டுக்காய் வைத்து மாட்டினால் சங்கம் ஸ்டேஷனுக்கு வராது. கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கி வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. கயோட்டியை அமெரிக்க அரசு ஊழியர்களே ஆண்டுதோறும் அறுபதாயிரம் வாக்கில் கொல்கிறார்கள். அது குறைந்தபாடில்லை, முன்பு இல்லாத மாநிலங்களுக்கெல்லாம் பரவியிருக்கிறது. அங்கேயும் காவல் நாயும் வேலியும் சேர்ந்துதான் ஆட்டைக் காக்கின்றன. நமக்கும் சூரிய மின்வேலி மானியம் வேண்டும், இழப்பீடு அந்த வெள்ளாமைக்குள்ளேயே வர வேண்டும். அதைத் தனி மனுவாக எழுதியிருக்கிறோம், இங்கே வளர்த்தவில்லை.

ஆகவே மனுவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். அதில் கேட்பவை இவை. பிரிவு 13-ன் அந்தக் கீழ்வரியின்படி பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு ஊருக்கு இரண்டு பேருக்காவது லைசென்சு. அவர்களைக் கிராமசபையில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடிகாரருக்கும் பங்காளிச் சண்டை உள்ளவருக்கும் கூடாது. சுடும் பயிற்சியை அரசு தர வேண்டும். தோட்டா எல்.ஜி.யும் ஒற்றைக் குண்டும் மட்டும், ஆண்டுக்கு இத்தனை என்று எழுதி, சுட்ட காலித் தோட்டாவைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது. பரணில் இருந்து மட்டும் சுட வேண்டும். வனத்துறை அனுமதி அன்றன்றைக்கே போனில் கேட்டுக் கிடைக்க வழி வேண்டும். வனத்துறையே சுடுவதானாலும் இதே விதிகள் பொருந்த வேண்டும். தேர்தல் அறிவித்தவுடன் லைசென்சு துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, தைப்பட்டத்துக் கடலை காய் பிடித்து நிற்கும் நேரத்தில்தான் பல தேர்தல் வருகிறது. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிக்கு அதில் விலக்கு வேண்டும். சுட்ட பன்றி அரசு சொத்து, வனத்துறை முன்னிலையில் புதைக்க வேண்டும் என்றும் நாமே எழுதியிருக்கிறோம். குழம்புக்கு ஆசைப்பட்டு ஒருவர் கெடுத்தால் ஊரே கேசில் மாட்டும்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதைக் கொடுக்கிறோம். வரும்போது பட்டா நகலும், இந்த வெள்ளாமையில் பன்றி அழித்த இடத்தின் போட்டோவும், சர்வே நம்பர் எழுதிய சீட்டும் கொண்டு வாருங்கள். வயலிலிருந்து காப்புக்காட்டு எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அதே சீட்டில் எழுதுங்கள், அங்கே முதலில் கேட்கப் போவது அதைத்தான். ரைஃபிள் கேட்ட தம்பியையே மனுவை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்.